விஷ மண்ணுக்குக் கிருமி வைத்தியம்!

அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வரும். தறி ஓட நூல் வேண்டும். நூலுக்கு நிறம் வேண்டும். நிறம் ஏற்றிய பிறகு மிஞ்சுகிற தண்ணீர் எங்கே போகிறது?

எங்கே போனாலும் கடைசியில் மண்ணில்தான் இறங்க வேண்டும்.

மண் பொறுமையானது. எதை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதை மறக்காது. பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்துப் பக்கத்துக் கிணற்றில் அதைத் திருப்பிக் கொடுக்கும்.

இப்படிக் கெட்டுப்போன மண்ணை மீண்டும் நல்ல மண்ணாக்க முடியுமா?

முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இதற்கு அவர்கள் நம்புவது இரண்டு வேலையாட்களை. ஒன்று, மண்ணிலேயே வாழும் கிருமி. மற்றொன்று, மாவை விடப் பல நூறு மடங்கு நைசாக்கிய இரும்புத் தூள். இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு கிருமியையோ ஒரு தூளையோ வெறும் கண்ணால் பார்க்க முடியாது.

இந்த வைத்தியம் தேவைப்படும் நோயாளி வெகு தூரத்தில் இல்லை. அம்மையார்குப்பத்திலிருந்து சோளிங்கரைத் தாண்டிப் போனால் ராணிப்பேட்டை வருகிறது. நோயாளி அங்கேதான்.

மஞ்சள் மேடு

ராணிப்பேட்டை தோல் தொழிலுக்குப் பெயர் போன ஊர். பச்சைத் தோலைப் பதப்படுத்தக் குரோமியம் உப்பு வேண்டும். அந்த உப்பைத் தயாரிக்க 1970-களின் நடுவில் அங்கே ஓர் ஆலை எழுந்தது. பெயர், தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்.

தோல் உப்பு மட்டுமல்ல, சோடியம் பைகுரோமேட்டும் அந்த ஆலையில் தயாரானது. நெசவாளர்களுக்குப் பைகுரோமேட் புதிய பெயர் அல்ல. சில வகைச் சாயங்களை நூலில் அழுத்தமாகப் பிடிக்க வைக்கச் சாயப்பட்டறைகளில் இது பயன்பட்டு வந்தது.

குரோமியத் தாதுவை சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். பிறகு தண்ணீர் விட்டு வேண்டிய சரக்கைக் கரைத்து எடுப்பார்கள். மிஞ்சுவது சக்கை. அந்தச் சக்கையை ஆலை வளாகத்திலேயே கொட்டினார்கள். மறுநாளும் கொட்டினார்கள். சுமார் இருபது ஆண்டுகள் இப்படியே நடந்தது.

1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. சக்கை மட்டும் போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு, ஒரு மேடாக அங்கேயே நின்றது. ஒரு லாரியில் 10 டன் ஏற்றினாலும் 15,000 லாரி வேண்டும்!

மழை பெய்தால் மேடு கரையும். அதிலிருந்து வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் என்றால் மங்களம் என்று சொல்லும் ஊரில், இந்த மஞ்சளைக் கண்டால் ஜனங்கள் மாட்டை அந்தப் பக்கம் ஓட்ட மாட்டார்கள்.

2006-ம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாகக் கெட்டுப்போன 10 இடங்களின் பட்டியலை வெளியிட்டது. அணு உலை வெடித்த செர்னோபில் அதில் இருந்தது. ராணிப்பேட்டையும் இருந்தது.

ஒரே பொருள், இரண்டு குணம்

குரோமியம் என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். அது இரண்டு வேஷத்தில் வரும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை மூன்று இணைதிறன், ஆறு இணைதிறன் என்று எழுதியிருப்பார்கள். பேச்சுக்கு வசதியாக மூன்றாம் நம்பர் குரோமியம், ஆறாம் நம்பர் குரோமியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நம்பர் சாது. தண்ணீரில் எளிதில் கரையாது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். நாம் போடும் செருப்பின் தோலில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

ஆறாம் நம்பர் அப்படி அல்ல. தண்ணீரில் சர்க்கரை போலக் கரையும். தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். தோலில் பட்டால் புண்ணாகும். அதன் தூசியை வருஷக்கணக்கில் மூச்சில் இழுத்த ஆலைத் தொழிலாளிகளுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோயும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில் இதை வைத்திருக்கிறது.

நம் நாட்டுக் குடிநீர் விதிப்படி ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, வீட்டு மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி முழுவதிலும் 50 மில்லிகிராம்தான் இருக்கலாம். சமையலில் போடும் ஒரு சிட்டிகை உப்பே அதை விட அதிக எடை!

ராணிப்பேட்டை மேட்டில் இருக்கும் ஆபத்து இந்த ஆறாம் நம்பர்தான். அதை மூன்றாம் நம்பராக மாற்றிவிட்டால் நோயில் பெரும்பகுதி தீர்ந்தது. மாற்றுவது யார்? இங்கேதான் கிருமி வருகிறது.

எதிரியின் வீட்டிலேயே பிறந்த வைத்தியர்

கிருமி என்றால் காலராவும் டைபாய்டும்தான் நினைவுக்கு வரும். அது நியாயமில்லை. பாலைத் தயிராக்குவது கிருமி. இட்லி மாவைப் புளிக்க வைப்பது கிருமி. எருக்குழியில் போட்ட சாணியையும் தழையையும் உரமாக்குவதும் கிருமிதான். ஒரு பிடி நல்ல மண்ணில் உலக ஜனத்தொகையை விட அதிகமான கிருமிகள் இருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை லிகி பிலிப்பும் அவருடைய ஆராய்ச்சி மாணவரும் ஒரு காரியம் செய்தார்கள். ராணிப்பேட்டை ஆலை வளாகத்துக்கே போய் மண்ணை எடுத்து வந்தார்கள். அந்த விஷ மண்ணிலும் சில கிருமிகள் சாகாமல் வாழ்ந்துகொண்டிருந்தன! எல்லாம் மாண்டுபோன இடத்தில் இவை மட்டும் எப்படிப் பிழைத்தன? ஆறாம் நம்பரை மூன்றாம் நம்பராக மாற்றும் வித்தை அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கிருமிகளைப் பிரித்தெடுத்துப் பெருக்கினார்கள். பிறகு கெட்ட மண்ணோடு கலந்தார்கள். வேலையாளுக்குக் கூலி கொடுக்க வேண்டுமே? சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கறுப்புப் பாகைக் கொடுத்தார்கள். மொலாசஸ் என்பார்கள் அதை.

கணக்கு இதுதான். ஒரு கிலோ மண்ணுக்குக் கிருமி 15 கிராம், பாகு 50 கிராம். அந்த மண்ணில் ஆறாம் நம்பர் குரோமியம் கிலோவுக்கு 5.6 கிராம் இருந்தது. சாதாரண அளவல்ல, பயங்கரமான அளவு. 20 நாளில் அது முழுவதும் மூன்றாம் நம்பராக மாறிவிட்டது. 2005-ம் ஆண்டு இந்த முடிவை அவர்கள் வெளியிட்டார்கள்.

கிருமி குரோமியத்தைத் தின்றுவிடுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது தின்பது பாகைத்தான். தின்றதைச் செரிக்க நமக்குப் பிராணவாயு தேவைப்படுவது போல அதற்கும் தேவைப்படுகிறது. மண்ணுக்குள் காற்று குறைந்த இடத்தில், குரோமியத்தோடு ஒட்டியிருக்கும் பிராணவாயுவை அது பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கப்பட்டதும் ஆறாம் நம்பர் மூன்றாம் நம்பராகிவிடுகிறது. உலோகம் எங்கும் போகவில்லை. அதன் குணம்தான் மாறியது.

இந்தப் பாகு கிடைக்காத சரக்கும் அல்ல. திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு இந்த வட்டாரத்து விவசாயிகள் கரும்பு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். டன்னுக்கு 50 கிலோ என்ற கணக்கில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு 7,500 டன் பாகு போதும். பெரிய அளவுதான். ஆனால் மலைக்க வைக்கும் அளவு அல்ல.

பிறகு ஏன் செய்யவில்லை?

கேள்வி நியாயமானது. ஆய்வுக்கூடத்தில் ஒரு வாளி மண்ணைக் கலக்குவது வேறு, மலையைக் கலக்குவது வேறு.

முதல் கஷ்டம் சுண்ணாம்பு. சக்கையில் சுண்ணாம்பும் சோடாவும் ஏறிப்போய்க் காரம் மிகுந்திருக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகிறதல்லவா? கிருமிக்கும் அப்படித்தான். அருகில் உள்ள மண்ணில் வேலை செய்யும் கிருமி, மேட்டின் நடு வயிற்றில் வேலை செய்யத் தடுமாறும்.

இரண்டாவது கஷ்டம், சக்கையின் கட்டிக்குள் இருக்கும் குரோமியம். அது ஒரே நாளில் வெளியே வராது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இன்று சுத்தம் செய்த தண்ணீர் அடுத்த மழையில் மறுபடி மஞ்சளாகும்.

மூன்றாவது கஷ்டமும் உண்டு. மண்ணில் மாங்கனீசு என்ற பொருள் அதிகமாக இருந்தால், சாதுவான மூன்றாம் நம்பரைச் சில சமயம் அது மறுபடி ஆறாம் நம்பராக்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றியதோடு கதவைச் சாத்திக்கொண்டு போக முடியாது. வருஷா வருஷம் கிணறுகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இது ராணிப்பேட்டைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. பிரிட்டனில், ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்தை ஒட்டி இதே மாதிரி ஒரு குரோமியம் ஆலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் மூக்கும் தோலும் அரித்துப்போன கொடுமையை, தொழிலாளர் தலைவர் கெயிர் ஹார்டி 1899-ல் துண்டுப் பிரசுரங்கள் போட்டு ஊரறியச் செய்தார். 1960-களின் கடைசியில் அந்த ஆலை மூடப்பட்டது. ஐம்பது வருஷம் கழித்து, 2019-ல், அருகில் உள்ள போல்மடி ஓடையில் தண்ணீர் பளிச்சென்று பச்சை மஞ்சளாக ஓடியது! பணக்கார நாட்டுக்கும் இந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

குதிரை மசால் தோட்டம்

ஆனால் தளர்ந்துபோக வேண்டியதில்லை. வெட்டவெளியில், ஏக்கர் கணக்கில் கிருமி வைத்தியம் நடந்த இடமும் உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஹிங்க்லி என்று ஒரு சிற்றூர். அங்கே எரிவாயுவைக் குழாயில் தள்ளும் நிலையம் ஒன்று இருந்தது. இயந்திரத்தைக் குளிர வைக்கும் தண்ணீரில், துரு ஏறாமல் இருக்க ஆறாம் நம்பர் குரோமியம் கலந்தார்கள். 1952 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை அந்தத் தண்ணீரைத் திறந்த குட்டைகளில் விட்டார்கள். அது நிலத்தடி நீரில் கலந்தது.

ஊர் ஜனங்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1996-ல் கம்பெனி 33 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டது. அந்த வழக்குக்காக வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டிய எரின் புரோக்கோவிச் என்ற பெண்மணியின் கதை 2000-ம் ஆண்டு சினிமாவாகவும் வந்தது.

சினிமாவில் வராத கதை இனிமேல்தான். பணம் கைமாறினால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? சுத்தம் செய்ய இரண்டு வழி பிடித்தார்கள். ஒன்று, ஆழ்துளை வழியாக எத்தனால் என்ற சாராயத்தை நிலத்துக்குள் செலுத்தினார்கள். மண்ணில் இருந்த கிருமிகளுக்கு அது உணவு. அவை பெருகி, ஆறாம் நம்பரை மூன்றாம் நம்பராக மாற்றின. இங்கே பாகு, அங்கே சாராயம். தத்துவம் ஒன்றுதான்.

இரண்டாவது வழி இன்னும் எளிது. கெட்ட நிலத்தடி நீரை இறைத்து மாட்டுத்தீவனப் பயிருக்குப் பாய்ச்சினார்கள். நம் ஊரில் குதிரை மசால் என்று சொல்லும் பயிர் அது. அதன் வேரைச் சுற்றி இருக்கும் மண்ணும் கிருமிகளும் குரோமியத்தை மாற்றிப் பிடித்துக்கொள்கின்றன. கீழே இறங்கும் நீர் சுத்தமாக இறங்குகிறது.

நன்றாகத்தான் நடக்கிறது. ஆனாலும் முழுவதும் முடியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றே அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். பதினைந்து வருஷத்தில் கெடுத்ததைச் சரிசெய்ய அதைப்போல் பல மடங்கு காலம்!

இரும்புத் தூளின் வித்தை

இனி இரண்டாவது வேலையாள்.

நானோ என்ற சொல் இப்போது உரக்கடை வரை வந்துவிட்டது. நானோ யூரியா பாட்டிலைப் பார்க்காத விவசாயி குறைவு. நானோமீட்டர் என்பது ஒரு அளவு. ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக வெட்டினால் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். மண் வைத்தியத்துக்குப் பயன்படும் இரும்புத் தூள் 100 நானோமீட்டருக்கும் சிறியது. ஒரு முடியின் குறுக்கே 800 தூள்களை வரிசையாக நிறுத்தலாம்.

ஏன் இவ்வளவு சிறிதாக்க வேண்டும்? கற்கண்டுக் கட்டியைப் பாலில் போட்டால் கரைய நேரமாகும். பொடித்துப் போட்டால் உடனே கரையும். பொடித்தால் பால் படுகிற பரப்பு கூடுகிறது. இரும்பும் அப்படியே. ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள இரும்புக் கட்டியின் மேல்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர்! சுண்டுவிரல் நகம் அளவு இரும்பு, ஒரு சின்ன வீட்டின் தரை அளவுக்கு விரிகிறது.

இரும்புக்குப் பிராணவாயு மேல் தீராத ஆசை. அதனால்தான் அது துருப்பிடிக்கிறது. நைசான இரும்புத் தூள் ஆறாம் நம்பர் குரோமியத்தைச் சந்தித்தால் அதன் பிராணவாயுவைப் பறித்துத் தான் துருவாகிவிடும். குரோமியம் மூன்றாம் நம்பராகி, அந்தத் துருவிலேயே சிக்கிக்கொள்ளும். கிருமி 20 நாளில் செய்வதை இது வெகு சீக்கிரம் செய்யும்.

அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் 2000-ம் ஆண்டுவாக்கில் நியூ ஜெர்ஸி மாநிலத்தின் ட்ரென்டன் நகரில் இந்த வகைத் தூளை முதன்முதலாக நிலத்தடியில் இறக்கிப் பார்த்தார்கள். அங்கே இருந்தது குரோமியம் அல்ல, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும் ஒரு ரசாயனம். தூள் அதைச் சிதைத்தது.

அம்மையார்குப்பத்துக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், திருப்பதி. அங்கே உள்ள ஆராய்ச்சியாளர்கள் யூகலிப்டஸ் இலைச் சாற்றைக் கொண்டே இந்த இரும்புத் தூளைத் தயாரித்து, ஆறாம் நம்பர் குரோமியத்தைப் பிடித்துக் காட்டினார்கள். 2013-ல் அது வெளிவந்தது. விலை உயர்ந்த ரசாயனம் தேவையில்லை, தைல மரத்து இலை போதும் என்பது சின்ன விஷயமா?

ஆனால் இந்த வேலையாளிடமும் குறை உண்டு. தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். ஊற்றிய இடத்திலிருந்து மண்ணுக்குள் வெகு தூரம் போகாது. சீக்கிரம் துருவாகி ஓய்ந்துவிடும். அளவு மிஞ்சினால் நல்ல கிருமிகளையே கொன்றுவிடும். மண்புழுவுக்கும் பயிருக்கும் நாளடைவில் என்ன செய்யும் என்ற ஆராய்ச்சியும் இன்னும் ஓயவில்லை.

அதனால் இரண்டு பேரையும் கூட்டாக வேலை வாங்கப் பார்க்கிறார்கள். முதலில் இரும்பு இறங்கி விஷத்தின் வேகத்தைத் தணிக்கும். அது துருப்பிடிக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு சில கிருமிகளுக்கு ஆகாரம். பிறகு கிருமிகள் மிச்ச வேலையை நிதானமாக முடிக்கும். முரட்டு ஆளை முன்னே விட்டு, பொறுமைசாலியைப் பின்னே அனுப்புகிற யுக்தி.

சாயமும் எண்ணெயும்

நெசவு ஊருக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று உண்டு. துணிச் சாயங்களில் பெரும்பகுதி அசோ சாயம் என்ற வகை. கிருமிகள் இதையும் உடைக்கும். காற்றில்லாத தொட்டியில் விட்டால் நிறம் வெளுத்துவிடும். பார்த்தவர்கள், "ஆஹா, தண்ணீர் சுத்தமாகிவிட்டது!" என்பார்கள்.

அவசரப்படக் கூடாது. நிறம் போனால் விஷம் போனதாக அர்த்தமில்லை. உடைந்த துண்டுகள் சில, சாயத்தை விடக் கெட்டவை. அவற்றைக் காற்றோட்டமுள்ள இரண்டாவது தொட்டியில் வேறு கிருமிகளிடம் கொடுத்து ஒழிக்க வேண்டும். ஒரு தொட்டியோடு நிறுத்துகிறவர் பாதி வேலைதான் செய்கிறார்.

சாயம் ஏற்ற உப்பும் மூட்டை மூட்டையாகப் போகிறது. உப்பை எந்தக் கிருமியும் தின்னாது, எந்த நானோ இரும்பும் மாற்றாது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்கு உதவாத உப்புக் குளமாகிப் போனது தமிழ்நாடே அறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

கிருமிக்கு மிகவும் இஷ்டமான வேலை எண்ணெய்தான். அதை மட்டும் அது நிஜமாகவே தின்னும். இந்த விஷயத்தில் உலகுக்கு வழி காட்டியவர்களில் ஒருவர், வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. அமெரிக்காவில் வேலை பார்த்தபோது எண்ணெய் தின்னும் ஒரு கிருமியை உருவாக்கினார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று பெரிய வழக்கே நடந்தது. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். அள்ளிய கசடை என்ன செய்வது? இந்தியன் ஆயில் கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு, எண்ணெய் தின்னும் கிருமிகளைக் கொண்டு அதை மண்ணில் வைத்துச் சிதைக்கும் வேலையைச் செய்தது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஓடிவரும் கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரியைக் கடந்து சேருவதும் அதே எண்ணூர்க் கடலில்தான்.

பில் யாருக்கு?

மருந்து இருக்கிறது. வைத்தியரும் இருக்கிறார். பணம் கட்டுவது யார் என்பதில்தான் வண்டி நிற்கிறது.

சட்டத்தில் குழப்பமில்லை. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. இந்தியா முழுவதும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. பிறந்த இடம் நம் வட ஆற்காட்டுப் பக்கம்!

இருந்தும் என்ன நடந்தது? குரோமேட் ஆலை மூடியாகிவிட்டது. மூடிய ஆலையிடம் யார் போய் வசூலிப்பது? சர்க்கார் வாரியம் திட்டம் தீட்டியது. நிபுணர்கள் வந்து மண்ணை எடுத்துப் போனார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் கேள்வி கேட்டது. ஆலை மூடி கால் நூற்றாண்டு கடந்தும் மேடு மேடாகவே இருந்தது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது. கிருமிக்குத் தேவைப்பட்டது 20 நாள். கோப்புக்குத் தேவைப்பட்டது அதைப்போல் நானூறு மடங்குக்கு மேல். இதை விஞ்ஞானத்தின் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது.

சுத்தம் செய்கிற வேலையிலும் ஏழையின் உயிர்தான் முதலில் போகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பிழைப்புத் தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள்தான் அவர்களில் மிகப் பெரும்பாலோர்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வட்டாரத் தோல் கழிவு வழக்கில் மீண்டும் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும், அதைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், நிலத்தையும் ஆற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால், பாகு வாளியோடும் இரும்புத் தூளோடும் யாராவது களத்தில் இறங்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் எப்படி?

தொழிற்சாலைக்கோ சாயப்பட்டறைக்கோ பக்கத்தில் குடியிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. தண்ணீரைக் காய்ச்சினால் நோய்க் கிருமி சாகும். குரோமியம் போகாது. உப்பும் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிஞ்சும் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். மெல்லிய துணியில் வடிகட்டினாலும் பயனில்லை.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்றும் ஏமாறக் கூடாது. மஞ்சள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் குரோமியம் விதியின் அளவைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த அளவு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு, நிரம்பப் பிடித்து, எந்த ஊர், எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று சீட்டு எழுதி ஒட்டிக் கொண்டு போக வேண்டும். கொடுக்கும்போது, "குரோமியமும் பார்க்க வேண்டும்" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். வழக்கமான சோதனையில் உப்பும் கடினத் தன்மையும்தான் பார்ப்பார்கள். மழைக்கு முன்னால் ஒரு பாட்டில், ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒரு பாட்டில் என்று இரண்டு முறை கொடுத்தால், மேட்டிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ கிணற்றுக்கு எதுவும் இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.